நைலில் நீராவிக் கப்பல், அப்புறம் அஸ்வானில் பழைய ஹோட்டல்

எகிப்தின் லக்சரில் 'எஸ்.எஸ். சூடான்' கப்பலில் ஏறி அஸ்வானில் இறங்கினோம். தாமஸ் குக் என்ற ஆங்கிலேயப் பயண நிறுவனத்தின் காலத்துக் கப்பல், இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். கீழே இயந்திரத்தைக் கிட்ட நின்று பார்க்கலாம். எண்ணெய் மினுங்கும் தண்டுகள் மேலும் கீழும் ஏறி இறங்குவதை நான் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன், சூடான எண்ணெய் வாசனை சட்டையிலேயே ஒட்டிக்கொண்டது.

எஸ்னாவில், கப்பல்களை வேறு நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டில் கப்பல் நின்றதும் சின்னப் படகுகளில் வியாபாரிகள் சூழ்ந்துகொண்டு துணிகளைச் சுருட்டிப் பையில் போட்டு மேல்தளத்துக்கே வீசுகிறார்கள், பிடித்திருந்தால் காசை அதே பையில் போட்டுத் திருப்பி வீச வேண்டும்! எட்ஃபூவில் பருந்துத் தலைக் கடவுளான ஹோரஸின் கோயில், கொம் ஓம்போவில் பாடம் செய்த முதலைகள். இரண்டையும் தவறவிடாதீர்கள்.

கடைசி இரண்டு இரவு அஸ்வானில் ஓல்ட் கேட்டராக்ட் ஹோட்டல். 1899-ல் கட்டியது. மாலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்தால் எதிரே எலிஃபன்டைன் தீவு, கறுத்த பாறைகள், நடுவில் வெள்ளைப் பாய் விரித்த ஃபெலூக்கா படகுகள். அம்மா அங்கிருந்து எழுந்திருக்கவே மறுத்துவிட்டார்.

ஒரே வருத்தம், நாங்கள் பிடித்த பயண முகவர். விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார், வயதானவர்களோடு போகிறவர்கள் வண்டியை முந்தின நாளே போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். மொத்தப் பயணத்துக்கும் விலை அதிகம்தான். டிசம்பர், ஜனவரியில் போங்கள், கோடையில் அஸ்வான் 40 டிகிரியைத் தாண்டும்.