மடியில் ஒரு வில்லுக்கத்தி: ஒப்பினல் 8

பாரிஸில் இருந்து வந்த மச்சானிடம் "சொக்கிளேற் வேண்டாம், ஒரு ஒப்பினல் கொண்டு வாங்கோ" என்று நான்தான் சொல்லியிருந்தேன். 8ஆம் இலக்கம், 13 யூரோவாம். அந்தக் காசுக்கு இது பெரிய சாமான்.

1890இல் பிரான்சின் சவோய் மலைப்பக்கம் பிறந்த கத்தி. அலகு 8.5 சென்ரிமீற்றர், பிடி பீச் மரம். சட்டைப் பையில் கிடந்தால் பாரமே தெரியாது. விரித்து, கழுத்தில் உள்ள வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு விரலில் மடியாது. அந்தப் பூட்டு 1955இல்தான் வந்தது.

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் தோலை நாடா மாதிரி ஒரே இழுப்பில் சீவுகிறது. அவித்த பனங்கிழங்கின் நடுத்தும்பை நுனியால் கிளப்பி எடுப்பது தனிச் சுகம்.

என்னுடையது காபன் உருக்கு. முதல் நாளே மாங்காய் வெட்டிவிட்டுத் துடைக்காமல் மடித்தேன். விடியப் பார்த்தால் அலகில் கருநீலத் திட்டு. பிழை என்னுடையதுதான். இப்போது துடைத்து ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். மரப்பிடி என்றால் கார்த்திகை மழைக்கு ஊதி அலகை இறுக்கத்தானே செய்யும்? பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும்.

மீனுக்குச் சரிவராது. அதற்கு அம்மாவின் அரிவாள் இருக்கிறது.