அங்கோலாவா, மொசாம்பிக்கா? வகுப்புக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்த கதை

உள்நாட்டுப் போர் முடிந்த நாடுகளில் ஆட்சி எப்படி மாறுகிறது, அதில் வெளிநாடுகள் எந்த அளவுக்கு உதவ முடியும் என்று ஒரு தாள் நடத்துகிறேன். ஒரு பருவத்தில் ஒரே ஒரு நாட்டைத்தான் ஆழமாக எடுக்க நேரம் கிடைக்கும். கம்போடியா, எல் சால்வடோர், நேபாளம் எல்லாம் பட்டியலில் இருந்தன. கடைசியில் போட்டி அங்கோலாவுக்கும் மொசாம்பிக்குக்கும் என்று சுருங்கியது. மொசாம்பிக்கை எடுத்தேன். ஏன் என்று கேட்ட நண்பர்களுக்கான பதில் இது.

இரண்டும் ஒப்பிடத் தோதான ஜோடி. இரண்டும் போர்ச்சுகலின் காலனிகளாக இருந்து 1975இல் விடுதலை பெற்றவை. இரண்டிலும் இடதுசாரி விடுதலை இயக்கம் ஆட்சியில் அமர்ந்தது: அங்கோலாவில் எம்.பி.எல்.ஏ., மொசாம்பிக்கில் ஃப்ரெலிமோ. இரண்டிலும் அதை எதிர்த்த ஆயுதக் குழுவுக்கு நிறவெறி தென்னாப்பிரிக்காவின் உதவி கிடைத்தது: யுனிட்டா, ரெனாமோ. பனிப்போர் முடிந்ததும் இரண்டும் அமைதி ஒப்பந்தத்துக்கு வந்தன. இதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இருக்கும், விட்டுவிடலாம்.

எனக்கு முக்கியமாகப்பட்டது தேதிகள். அங்கோலாவில் 1992 செப்டம்பர் 29, 30இல் வாக்குப்பதிவு நடந்தது. மொசாம்பிக் ஒப்பந்தம் ரோமில் கையெழுத்தானது அக்டோபர் 4இல். அந்த மாதம் முடிவதற்குள் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவின் தெருக்களில் துப்பாக்கிச் சண்டை. மொசாம்பிக்குக்கு எத்தனை பேரை அனுப்புவது, எவ்வளவு செலவழிப்பது என்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் டிசம்பர் 16இல் முடிவெடுத்தபோது, அங்கோலா மறுபடி எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாட்டில் செய்த கஞ்சத்தனத்தின் விலை தெரிந்த பிறகு அடுத்த நாட்டுக்குத் திட்டம் போட்டார்கள். இப்படி முன்னும் பின்னுமாக அமைந்த ஜோடி அபூர்வம்.

முதலில் அங்கோலா. 1991 மே 31இல் பிசெஸ் அமைதி ஒப்பந்தம். போர்ச்சுகல், அமெரிக்கா, சோவியத் யூனியன் மூன்றும் சேர்ந்து முடித்துவைத்தது. கண்காணிப்பை இரு தரப்பும் தாங்களே கூட்டுக் குழு வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. ஐ.நா.வுக்கு வெறும் பார்வையாளர் இடம்தான். சுமார் 350 ராணுவப் பார்வையாளர்கள், நூற்றுச் சொச்சம் போலீசார், வாக்குப்பதிவு சமயத்தில் 400 தேர்தல் பார்வையாளர்கள். பன்னிரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர் நாட்டுக்கு அவ்வளவுதான். ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாகப் போன மார்கரெட் அன்ஸ்டீ இதை நக்கலாகவே சொன்னார். தேர்தலைக் கண்காணிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்த ஐ.நா. தீர்மானத்தின் எண் 747. 747 ஜம்போ விமானத்தை ஓட்டச் சொல்லிவிட்டு டிசி-3 என்ற பழைய சிறு விமானத்துக்கான எரிபொருளைத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

இருந்தும் மக்கள் திரண்டு வந்து வாக்களித்தார்கள். பதிவு செய்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல். அதிபர் தேர்தலில் பதவியில் இருந்த எம்.பி.எல்.ஏ.வின் டோஸ் சாண்டோஸுக்கு 49.57 சதவீதம், யுனிட்டா தலைவர் சவிம்பிக்கு 40.07. யாரும் பாதியைத் தாண்டாததால் இரண்டாம் சுற்று நடக்க வேண்டும். நடக்கவில்லை. மோசடி என்று சொல்லி சவிம்பி வெளியேறினார். சொல்வதற்கு அவரிடம் படை இருந்தது, அதுதான் விஷயம். அரசுப் படை கலைந்த அளவுக்கு யுனிட்டா படை கலையவேயில்லை. இரு தரப்பையும் சேர்த்து 50,000 பேர் கொண்ட புது ராணுவம் உருவாக வேண்டியது, வாக்குப்பதிவன்று அதில் சிறு பங்குதான் தேறியிருந்தது. லுவாண்டா சண்டையில் யுனிட்டாவின் துணைத் தலைவர் ஜெரமியாஸ் சிடுண்டா கொல்லப்பட்டார். அப்புறம் பத்தாண்டுப் போர்.

இனி மொசாம்பிக். இங்கேதான் நான் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ரோம் பேச்சுவார்த்தையை நடத்தியது எந்த வல்லரசும் இல்லை. சாந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கக் குழு, பெய்ரா நகரப் பேராயர் ஜைமே கொன்சால்வஸ், இத்தாலி அரசு. ஒப்பந்தத்தின் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை ஐ.நா.வுக்கே கொடுக்கப்பட்டது. அங்கோலாவிலிருந்து முதல் வித்தியாசம் இது. இரண்டாவது, 6,000க்கும் மேற்பட்ட படையினர் வந்தார்கள். மூன்றாவது, படைகள் கலையாமல் தேர்தல் இல்லை என்பதில் ஐ.நா. உறுதியாக நின்றது. 1993 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் ஒரு வருடம் தள்ளிப்போனது. நன்கொடை நாடுகள் செலவைப் பார்த்து முணுமுணுத்தன, ஆனாலும் பொறுத்துக்கொண்டன.

சரி, படையும் கால அவகாசமும் இருந்தால் போதுமா? போதாது. என் தேர்வைத் தீர்மானித்த விஷயம் வேறு: பணம். அதுவும் புனரமைப்புக்கு, பாலத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று போகிற பணம் இல்லை. கிளர்ச்சிக் குழுவை ஒரு கட்சியாக மாற்றுவதற்காக நேராக அதன் கையில் போன பணம்.

ரெனாமோவை யோசித்துப் பாருங்கள். ரொடீஷிய (இன்றைய ஜிம்பாப்வே) உளவுத்துறை உருவாக்கி, பிறகு தென்னாப்பிரிக்கா வளர்த்த குழு. அதன் தலைவர் அஃபோன்சோ டிலாகாமாவும் தளபதிகளும் பல வருடம் காட்டில் இருந்தவர்கள். தலைநகர் மபுட்டோவில் அவர்களுக்கு ஒரு வீடு கிடையாது, அலுவலகம் கிடையாது, கார் கிடையாது. கட்சி நடத்தத் தெரிந்த ஆட்களும் சொற்பம். 1993 மார்ச்சில் தங்குமிடமும் வண்டியும் இல்லை என்று சொல்லித் தங்கள் பிரதிநிதிகளை ஒப்பந்தத்தின் கண்காணிப்புக் குழுக்களிலிருந்தே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கேட்பதற்குச் சின்னத்தனமாக இருக்கும். ஆனால் காட்டில் இருக்கும்வரை அவர்கள் ஒரு சக்தி, நகரத்துக்கு வந்தால் ஒன்றுமில்லாதவர்கள். அந்த நிலையில் யார்தான் துப்பாக்கியைக் கீழே வைப்பார்கள்?

ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி ஆல்டோ அயெல்லோ இத்தாலிக்காரர், பழைய அரசியல்வாதி. அவருக்கு இது சட்டென்று புரிந்தது. ரெனாமோவுக்கென்று தனி நிதி ஒன்று அமைக்கப்பட்டது. சுமார் 1.7 கோடி டாலர் சேர்ந்தது, பெரும்பங்கு இத்தாலியுடையது. அது போதாமல், தளபதிகளைத் தன்னோடு தக்கவைத்துக்கொள்ள டிலாகாமாவுக்கு மாதம் 3 லட்சம் டாலர் வீதம் தேர்தல்வரை ரொக்கமாகவும் போனது. சிறு கட்சிகளுக்கு வேறொரு நிதி.

சாதாரணச் சிப்பாய்களையும் மறக்கவில்லை. நாடு முழுக்க 49 முகாம்களில் இரு தரப்பும் கூடினார்கள். கலைந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மொத்தம் இரண்டு வருடச் சம்பளம். கடைசிப் பதினெட்டு மாதத்துக்கு நன்கொடை நாடுகள் பொறுப்பு. அவரவர் ஊருக்குப் பக்கத்து வங்கிக் கிளையில் போய் வாங்கிக்கொள்ளலாம். ராணுவத்தில் தொடர ஆசைப்பட்டவர்கள் குறைவு: 30,000 பேருக்குத் திட்டமிட்ட புது ராணுவத்தில் சுமார் 12,000 பேர்தான் சேர்ந்தார்கள். 1994இல் சில முகாம்களில் கலவரமே நடந்தது, எங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டு.

இந்த ஏற்பாடெல்லாம் எதற்கு உதவியது என்பது 1994 அக்டோபர் கடைசியில் தெரிந்தது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் டிலாகாமா தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். அங்கோலா மாதிரியே. ஆனால் அவரிடம் திரும்பிப் போக ஒரு படை இல்லை, இழப்பதற்கோ ஒரு கட்சி இருந்தது. வெளிநாட்டுத் தூதர்களும் அயெல்லோவும் அண்டை நாட்டு அதிபர்களும் நெருக்கியதில் திரும்பி வந்தார். வாக்குப்பதிவை ஒரு நாள் நீட்டித்தார்கள். ஃப்ரெலிமோவின் அதிபர் ஷிசானோவுக்கு 53.3 சதவீதம், டிலாகாமாவுக்கு 33.7. நாடாளுமன்றத்தில் ஃப்ரெலிமோ 129, ரெனாமோ 112. தோற்றவர்கள் போய் உட்கார 112 நாற்காலிகள் இருந்தன.

வகுப்பில் இதைச் சொன்னதும் முதல் கேள்வி, இது லஞ்சம் இல்லையா என்பது. லஞ்சம்தான். கிராமங்களில் படுகொலை செய்த குழுவுக்கு மாதச் சம்பளம் கொடுப்பதில் எந்த நியாயமும் இல்லை, பாதிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவும் இல்லை. ரோம் மேசையிலும் சரி, பிசெஸ் மேசையிலும் சரி, கையெழுத்துப் போட்டவை ஆயுதம் வைத்திருந்த இரண்டு தரப்புகள் மட்டுமே. அனைவரையும் உள்ளடக்கிய மாற்றம் என்ற சொல்லை இந்த இரண்டுக்குமே முழுதாகக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அங்கோலாவில் மிச்சம் பிடித்த தொகையையும் அதன்பின் போன உயிர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், லஞ்சம் மலிவு.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினம். யுனிட்டாவிடம் வைரச் சுரங்கங்கள் இருந்தன, ரெனாமோவிடம் ஒன்றும் இல்லை. அதோடு 1992இன் கொடும் வறட்சி மொசாம்பிக்கில் இரு தரப்பையும் பட்டினி போட்டிருந்தது. சவிம்பிக்கு 1.7 கோடி டாலர் ஒரு பொருட்டா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். 1995இல் ஐ.நா. சுமார் 7,000 படையினரை அங்கோலாவுக்கு அனுப்பிப் பார்த்தது. 1997இல் கூட்டு அரசுகூட அமைந்தது. 1998இல் மறுபடி போர். அதனால் பணம் எங்கேயும் வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. கிளர்ச்சியாளருக்கு வேறு வருமானம் இல்லாத இடத்தில் வேலை செய்யும் என்ற அளவுக்குச் சொல்கிறேன்.

மொசாம்பிக்கின் குறையையும் மறைக்கவில்லை. ரெனாமோ ஐந்து மாகாணங்களில் அதிக வாக்கு வாங்கியது. ஒரு மாகாண ஆளுநர் பதவிகூடக் கிடைக்கவில்லை, அத்தனை பேரையும் ஃப்ரெலிமோவே நியமித்தது. பந்தியில் உட்காரவைத்துவிட்டு இலை போடாத கதை. ஐ.நா. அதற்குள் மூட்டை கட்டிவிட்டது, சேகரித்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றை அழிக்காமலே. 2013இல் டிலாகாமாவின் ஆட்கள் மறுபடி ஆயுதம் எடுத்தார்கள். அவர் 2018இல் இறந்த பிறகு, 2019 ஆகஸ்ட்டில் புது ஒப்பந்தம். ரெனாமோவின் கடைசி முகாம் மூடப்பட்டது 2023 ஜூனில். ரோமில் தொடங்கியது முடிய முப்பது வருடம். 2024 தேர்தலுக்குப் பிறகு தெருவில் இறங்கியது ரெனாமோ அல்ல, வேறொரு தலைமுறை.

சிரியாவுக்கு எது பொருந்தும் என்று மாணவர்கள் இப்போது கேட்கிறார்கள். 2015இன் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் 2254, சிரிய அரசும் எதிர்ப்பாளர்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைக் கற்பனை செய்தது. 2024 டிசம்பர் 8இல் அதிபர் அசாத் ஓடிப்போனதும் ஒரு தரப்பு நாற்காலி காலியாகிவிட்டது. அங்கே பேச்சு, வென்றவர்கள் மற்றவர்களை எப்படிச் சேர்ப்பது என்பது பற்றி. குர்துத் தலைமையிலான படையைத் தேசிய ராணுவத்தோடு இணைக்க 2025 மார்ச் 10இல் போட்ட ஒப்பந்தம் அந்த வகை. அப்படிப் பார்த்தால் சிரியாவுக்குப் பக்கத்தில் வருவது 1994இன் மொசாம்பிக் இல்லை, சவிம்பி சுடப்பட்டு இறந்த பிறகான 2002இன் அங்கோலா. ஒரு தரப்பு முழுதாக வென்றது, தோற்ற யுனிட்டாவைக் கட்சியாக இருக்க அனுமதித்தது, வெளிநாடுகளின் பங்கு கொஞ்சம். 2022 தேர்தலில் யுனிட்டா 44 சதவீதம் வரை வந்தது. எம்.பி.எல்.ஏ. இன்றுவரை ஆட்சியைவிட்டு இறங்கவில்லை. அடுத்த பருவத்தில் மொசாம்பிக்கிலிருந்து இரண்டு வகுப்பைக் குறைத்து இதற்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.