ஆறு வருடமாக எங்கள் வீட்டில் புழங்கும் படப்புத்தகங்கள்

மகளுக்கு ஒரு வயதானபோது வாங்க ஆரம்பித்தேன். இப்போது அவளுக்கு ஏழு. அலமாரியில் அறுபது படப்புத்தகங்களுக்கு மேல் இருக்கின்றன. குடும்பம், மரம் செடி, வெளி விளையாட்டு பற்றியவைதான் அதிகம். எதை வாங்கலாம் என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வருடம் கெட்டி அட்டைப் புத்தகங்கள்தான் தாக்குப்பிடித்தன. கடித்தாள், தண்ணீர் வாளியில் போட்டாள். ஓரம் உப்பியதே தவிர படம் போகவில்லை. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள் விலை குறைவு. ஆனால் ஐப்பசி மழை வந்தால் பின் துருப்பிடித்து நடுத்தாள் கழன்றுவிடும். வாங்கியதுமே கெட்டி நூலால் மூன்று தையல் போட்டுவிடுங்கள்.

எங்களுக்கு அதிகம் உதவியவை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் புத்தகங்கள். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். கோபிசெட்டிபாளையம் பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அம்மா, மகளுக்கு அம்மாயி, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அம்மாயி தமிழ் வரியைப் படிக்க, பேத்தி ஆங்கில வரியைப் படிக்க, ஒரு புத்தகம் முடிய அரை மணி நேரமாகும். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போனில் காட்டினால் அவள் விரல் வேறெங்கோ போய்விடுகிறது, அதனால் பிடித்ததை மட்டும் பிரின்ட் எடுத்துக்கொள்கிறோம்.

சில மொழிபெயர்ப்புகளின் தமிழ் வாயில் நுழையாது. அம்மாயி அதையெல்லாம் படிக்க மாட்டார், படத்தைப் பார்த்துத் தானே கதை சொல்லிவிடுவார். ஒருநாள் நாலைந்து புத்தகங்களைப் புரட்டிவிட்டு, “ஏன் கண்ணு, இந்தப் பாட்டிக எல்லாம் எந்நேரமும் உக்காந்தே இருக்குது?” என்று கேட்டார். அப்புறம்தான் நானும் கவனித்தேன். படத்துப் பாட்டிகள் நாற்காலியில் அமர்ந்து கதை சொல்கிறார்கள். எங்கள் அம்மாயி காலையில் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போகிறவர். பேத்தியும் அவர் பின்னாலேயே போகிறவள். அப்படி ஒரு பாட்டியை வரைந்த புத்தகத்தை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் ‘மரம் வளர்ப்போம்’ என்று அறிவுரை சொல்லும் புத்தகங்களில் அந்தப் பக்கத்தை அவள் திருப்புவதே இல்லை. ஒன்றை அருகில் போய்க் காட்டும் புத்தகம்தான் அவளை வெளியே அனுப்புகிறது. தையல்சிட்டின் கூடு இருந்த ஒரே ஒரு பக்கத்தால் இரண்டு மாதம் கொய்யா மரத்தைச் சுற்றி வந்தாள். கடைசியில் கிடைத்தது. ஓர் அகன்ற இலையைச் சுருட்டி, ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துத் தைத்திருந்தது. அம்மாயி அவள் கையைப் பின்னால் பிடித்துக்கொள்ள, மூச்சுவிடாமல் பார்த்தாள்.

நான் எதிர்பார்க்காத ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ (பனி நாள்) என்ற படப்புத்தகம். 1962இல் வந்தது, 1963இல் அமெரிக்கப் படப்புத்தகங்களுக்கான கால்டெகாட் பதக்கம் பெற்றது. நியூயார்க் பொது நூலகத்தில் மிக அதிகமாக இரவல் போன புத்தகம் இதுதான் என்று 2020இல் அந்த நூலகமே சொன்னது. பனியே பார்க்காத பிள்ளைக்கு இது எதற்கு என்று நினைத்தேன். சிவப்பு உடைப் பையன் பீட்டர் பனியில் நாளெல்லாம் ஆடிவிட்டு, ஒரு பனி உருண்டையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். அம்மா ஈரக் காலுறையைக் கழற்றிவிட, நடந்ததையெல்லாம் அவளிடம் சொல்வான். தூங்கப்போகும் முன் பார்த்தால் பாக்கெட் காலியாக இருக்கும்.

போன சித்திரையில் ஆலங்கட்டி மழை பெய்தது. மகள் அம்மாயி வீட்டு வாசலில் இருந்து ஒரு கட்டியை எடுத்துப் பாவாடைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். இரவில் துழாவிப் பார்த்துவிட்டு, “பீட்டருக்கும் இப்படித்தான் ஆச்சு அம்மாயி” என்றாள். யார் அந்தப் பீட்டர் என்று அம்மாயி கேட்க, மடியில் உட்கார்ந்து முழுக் கதையையும் அவளே தமிழில் சொன்னாள்.

அந்தப் புத்தகம் இப்போது அம்மாயி வீட்டு டிவி மேல் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இன்னொரு பிரதி வாங்க வேண்டும்.