அந்தச் சின்னத் திரை: ஹார்டுவேர் வாலட்டுடன் ஐந்து ஆண்டுகள்

பிட்காயினைப் பத்திரமாக வைக்க ஹார்டுவேர் வாலட், அதாவது அதன் ரகசியச் சாவியைக் காக்கும் சிறு மின்னணுக் கருவி, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். ஒரு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டதோ, திரை மங்கிப்போன பழைய கருவியைக் கைவிட்டுப் புதியதற்கு மாறிய மறுநாள்.

பழையது ஒரே நாளில் கெடவில்லை. அதன் ஓஎல்இடி திரை சிறிது சிறிதாக ஒளி இழந்தது. முதலில் பகலில் படிக்க முடியவில்லை. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டுப் படித்தேன். கடைசியில் இருட்டிலும் எழுத்துகள் புகை போலத்தான் தெரிந்தன. பின் எண்ணை உள்ளிடும்போது ஒவ்வொரு இலக்கமும் வெவ்வேறு எண்ணிலிருந்து தொடங்கும். பொத்தானை எத்தனை முறை அழுத்துகிறோம் என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரை தெரியாதபோது அது உரிமையாளரையே வெளியே நிறுத்திவிடுகிறது. என் கருவியில் மூன்று முறை தவறினால் உள்ளே இருப்பது முழுவதும் அழிந்துவிடும். இரண்டு முறை தவறிவிட்டேன். கருவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனேன், கை நடுங்கியது.

ஒரு திரைக்காக இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். இந்தக் கருவியின் மொத்த நம்பகத்தன்மையும் அந்தத் திரையில்தான் இருக்கிறது. பணத்தை அனுப்ப ஒப்புதல் தரும் ரகசிய எண்ணான தனிச்சாவி கருவியை விட்டு வெளியே வராது, உண்மை. கணினி முழுக்க வைரஸ் இருந்தாலும் சாவியைத் தொட முடியாது. ஆனால் பணம் எங்கே போகிறது என்பதில் கணினி பொய் சொல்ல முடியும். பணம் பெறுபவரின் கணக்கு எண் போன்றது முகவரி. நாம் நகலெடுத்த முகவரியை, ஒட்டும் நொடியில் திருடனின் முகவரியாக மாற்றிவிடும் நிரல்கள் இருக்கின்றன. அதனால் கருவியின் திரையை மட்டும் நம்பு என்கிறார்கள். நம்பச் சொன்ன திரையில் 42 எழுத்து முகவரி ஒருசேர அடங்காது. துண்டு துண்டாக நகர்த்திப் படிக்க வேண்டும். முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்தால் போதும் என்பார்கள். போதாது. இரு முனைகளும் ஒத்துப்போகும்படி போலி முகவரி உருவாக்கி, நம் பரிவர்த்தனைப் பட்டியலுக்குள் நுழைத்துவிடும் மோசடி இருக்கிறது. நான் 42 எழுத்துகளையும் படிக்கிறேன், ஒவ்வொரு முறையும்.

2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ பரிமாற்றகத்திலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் என்ற கிரிப்டோ நாணயம் திருடுபோனதே, அங்கும் ஒப்புதல் அளித்தவர்களின் கையில் ஹார்டுவேர் வாலட் இருந்தது. யாரும் அவர்களுடைய சாவியைத் திருடவில்லை. கணினித் திரை வழக்கமான பரிமாற்றத்தைக் காட்டியது. உண்மையில் எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்பதைக் கையிலிருந்த கருவி அவர்களுக்குப் புரியவைக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, மீட்பு நடந்த மாலையையும் சொல்லியாக வேண்டும். கருவி போனாலும் சாவியை மீட்டுத் தரும் 24 ஆங்கிலச் சொற்களைக் காகிதத்தில் எழுதி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. வேறொரு நிறுவனத்தின் புதுக் கருவியில் ஒவ்வொன்றாக உள்ளிட்டேன். இந்தச் சொற்கள் எடுக்கப்படும் பட்டியலில் 2048 சொற்கள் இருந்தாலும் முதல் நான்கு எழுத்துகளிலேயே சொல் எதுவென்று தெரிந்துவிடும் என்பதால் வேகமாகவே நகர்ந்தது. கடைசிச் சொல்லுக்குப் பிறகு, சொற்கள் சரியில்லை என்றது. நெஞ்சு அடைத்தது. மறுபடியும் காகிதத்துடன் ஒப்பிட்டபோது 17ஆம், 18ஆம் சொற்களை இடம் மாற்றி உள்ளிட்டிருந்தது தெரிந்தது. கடைசிச் சொல்லுக்குள் சரிபார்ப்புக்கான பிட்டுகளையும் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதுதான் என் பிழையைப் பிடித்தது. திருத்தினேன். அதே முகவரிகள், அதே இருப்பு, பிட்காயினின் மிகச் சிறிய அலகான ஒரு சதோஷிகூடக் குறையவில்லை. நாணயம் பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில்தான் இருக்கிறது, கருவியில் இருப்பது சாவி மட்டுமே என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அன்றுதான் அதை நம்பினேன். வேறு வேறு நிறுவனங்கள் ஒரே மீட்பு முறையை ஏற்று, தம் கருவியிலிருந்து போகிறவருக்கு வழியை அடைக்காமல் வைத்திருப்பதை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

இருந்தும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். முழு முகவரியையும் ஒரே பார்வையில் காட்டாத கருவியை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வரவில்லை. என் புதுக் கருவியின் திரை பெரியது, தொடுதிரை, முகவரி முழுவதும் தெரிகிறது. அப்படியானால் அதை வாங்கலாமே என்றார். அந்தத் திரை ஐந்து ஆண்டுகள் ஒளிரட்டும், பிறகு கேளுங்கள் என்றேன். அதுவரை என் பிட்காயினை எங்கே வைப்பது என்றார். என்னிடம் பதில் இல்லை. என்னுடையதை வேறெங்கும் வைக்க நான் தயாராக இல்லை என்பதும் உண்மை.

அன்றிரவு பழைய கருவியை எடுத்து, மூன்றாவது தவறான பின் எண்ணை வேண்டுமென்றே உள்ளிட்டேன். அழிந்துவிட்டதா என்று பார்த்தேன். திரையில் ஏதோ எழுத்து வந்தது, படிக்க முடியவில்லை.