திருப்பூர் யூனிட்டுக்கு விபிஎஸ்: சென்னையா, பெங்களூரா, மும்பையா, ஜெர்மனியா?

பனியன் கம்பெனிக்கு விபிஎஸ், அதாவது இணையம் வழியாகப் பயன்படுத்தும் சர்வர், வாடகைக்கு எடுப்பது என்றால் பேச்சு விலையில் தொடங்கி விலையிலேயே முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, அந்த சர்வரில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பது யார் என்பதுதான். அவிநாசி ரோடு ஆபீஸ், பெருமாநல்லூர் யூனிட், பல்லடம் குடோன் என்று எல்லோரும் ஒரே ஈஆர்பியில் (ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாம் ஒன்றாகப் பதியும் மென்பொருள்) பதிவு போடுகிறார்கள் என்றால் சர்வர் தென்னிந்தியாவில் இருப்பது நல்லது. ஹாம்பர்க்கில் இருக்கும் பையர் பார்க்கும் கேட்டலாக் தளத்துக்குக் கணக்கு வேறு.

2 ஜிபி ராம் உள்ள சர்வரை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். டிஜிட்டல்ஓஷன் பெங்களூரிலும், லினோட் (2022 முதல் அகமாய் கையில்) சென்னை, மும்பை இரண்டிலும், அமேசானின் லைட்செயில் மும்பையிலும் கிடைக்கின்றன. மூன்றும் மாதம் 12 டாலர்தான். முதல் இரண்டில் 50 ஜிபி டிஸ்க், 2 டிபி டேட்டா. லைட்செயிலில் 60 ஜிபி டிஸ்க், 3 டிபி டேட்டா என்று பட்டியலில் இருக்கும். ஆனால் மும்பை மையத்துக்கு அந்த டேட்டா பாதிதான், அதாவது 1.5 டிபி. அதிலும் உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் சேர்த்தே கழிப்பார்கள். ஜெர்மனியின் ஹெட்ஸ்னரில் இதைவிடக் குறைந்த காசுக்கு 4 ஜிபி ராம் கிடைக்கும், ஐரோப்பிய மையங்களில் டேட்டாவும் 20 டிபி. இந்தியாவில் அவர்களுக்கு மையம் இல்லை.

அந்த மலிவு எங்கே கடிக்கும்? ஒரு வெப் பக்கத்தைப் புதிதாகத் திறக்க டிசிபி இணைப்புக்கு ஒரு சுற்று, டிஎல்எஸ் 1.3 பூட்டுக்கு ஒரு சுற்று, கேள்விக்கு ஒரு சுற்று என மூன்று முறை போய்வர வேண்டும். பெங்களூருக்கு ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட் என்றால் 60-ல் முதல் எழுத்து வந்துவிடும். ஜெர்மனிக்கு 160 என்று வைத்தால் 480 ஆகும். கேட்டலாக் பார்ப்பவருக்கு இது தெரியாது. நாளெல்லாம் பண்டல் என்ட்ரி போடும் பெண்ணுக்கு ஒவ்வொரு கிளிக்கிலும் தெரியும்.

சென்னையா பெங்களூரா என்பதை மேப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சில இணைய இணைப்புகளில் திருப்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் டேட்டா மும்பையைச் சுற்றிக்கொண்டு போகும். யூனிட்டின் சொந்த லைனிலிருந்தே காலையிலும் இரவு 8 மணிக்கு மேலும் பிங் (போய்வரும் நேரத்தைக் காட்டும் கட்டளை), எம்டிஆர் (போகும் வழியையும் காட்டுவது) இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். குறைந்த எண்ணைவிட ஏற்ற இறக்கம் இல்லாத எண்தான் முக்கியம்.

லைட்செயிலை ஈஆர்பிக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதன் சிறிய திட்டங்களில் சிபியு 'பர்ஸ்ட்' முறையில் ஓடுகிறது. எப்போதும் பயன்படுத்த முடிவது முழுத் திறனில் சிறு பங்குதான், மீதி, வேலை குறைந்த நேரத்தில் சேர்ந்த சேமிப்பிலிருந்து செலவாகும். சனிக்கிழமை சம்பளத்துக்குப் பீஸ் ரேட் கணக்கு மணிக்கணக்கில் ஓடும்போது சேமிப்பு தீர்ந்து, சர்வர் நத்தையாகிவிடும். கம்பெனி வெப்சைட்டுக்கு அதுவே தாராளம்.

டிஜிட்டல்ஓஷன், லினோட் இரண்டின் அடிப்படைத் திட்டங்களிலும் சிபியு பலரோடு பங்குபோட்டதுதான். கூட்டுக் கிணற்றில் முறை வைத்து இறைப்பது மாதிரி, பக்கத்துக்காரர் அதிகம் இறைத்தால் நமக்குக் குறையும். 'டாப்' கட்டளையில் 'எஸ்டி' என்ற எண்ணைப் பாருங்கள், நமக்குக் கிடைக்காமல் போன சிபியு நேரத்தின் சதவீதம் அது. வேலை நேரத்தில் அது தொடர்ந்து 5-க்கு மேல் நின்றால் சர்வரை அழித்துப் புதிதாக எடுங்கள், பெரும்பாலும் வேறு மெஷினில் அமையும். ஓடிய நேரத்துக்குத்தான் பில் என்பதால் நஷ்டம் சில்லறைதான்.

ராமில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 512 எம்பி, 1 ஜிபி திட்டங்களில் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் ஓடினால், நினைவகம் தீர்ந்ததும் லினக்ஸே அதைக் கொன்றுவிடும். தளத்தில் டேட்டாபேஸ் பிழை மட்டும் தெரியும். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற ஈஆர்பி மென்பொருளுக்கு 4 ஜிபி வேண்டும். 2 ஜிபியில் நிறுவும் வேலையே பாதியில் நின்றுபோவது வழக்கம். எந்த அளவானாலும் 2 ஜிபி ஸ்வாப் (ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் இடம்) போட்டு வையுங்கள்.

பில் விஷயத்தில் லைட்செயிலுக்குத்தான் மதிப்பெண். அமேசானின் இந்திய நிறுவனம் ரூபாயில், 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் தரும். உள்ளீட்டு வரியை நேராக எடுத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனத்தின் பில்லுக்கு உங்கள் ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே ரொக்க லெட்ஜரிலிருந்து கட்டி, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தில் காட்டிப் பிறகு திரும்ப எடுக்க வேண்டும். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க வேண்டும். 2021 அக்டோபருக்குப் பிறகு தானாகப் பணம் எடுக்கும் விதிகள் இறுகிவிட்டதால், கார்டு மறுக்கப்பட்டு சர்வர் நிறுத்தப்படுவது அடிக்கடி நடக்கிறது. முன்பணம் ஏற்றும் வசதி இருந்தால் மூன்று மாதத்துக்கு ஏற்றி வையுங்கள்.

சர்வர் நிறுவனத்தில் உங்கள் கணக்குப் பூட்டப்பட்டால் அங்கேயே இருக்கும் பேக்கப்பும் சேர்ந்து பூட்டப்படும். டிஜிட்டல்ஓஷனின் வாராந்திர பேக்கப் சர்வர் விலையில் 20 சதவீதம். எடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. தினமும் இரவு டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) இன்னொரு நிறுவனத்துக்குப் போகட்டும். கம்பெனி பிரைவேட் லிமிடெட் என்றால், 2022 ஆகஸ்ட் திருத்தத்தின்படி கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் பதிவாக வேண்டும். ஹெட்ஸ்னரை ஒரே பேக்கப்பாக வைத்தால் இது நிறைவேறாது.

டேலி மட்டும்தான் வேண்டும் என்பவர்களுக்கு மேலே சொன்ன லினக்ஸ் திட்டங்கள் எதுவும் சரியான வழி அல்ல. அதற்கு விண்டோஸ் சர்வர் வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப்பில் நிர்வாகத்துக்கென இரண்டு பேர்தான் ஒரே நேரத்தில் நுழையலாம், மூன்றாவது ஆளுக்குத் தனி உரிமம். ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைப்பது, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நுழையும் முக்கியமான வாசல்களில் ஒன்று. விபிஎன் என்ற தனிப் பாதை வழியாக மட்டும் திறந்து வையுங்கள்.

லினக்ஸில் உபுண்டு 24.04 போட்டு, கடவுச்சொல் நுழைவை மூடி எஸ்எஸ்எச் கீ (உங்கள் கணினியில் இருக்கும் சாவி ஃபைல்) மட்டும் வையுங்கள். 22, 80, 443 போர்ட்டுகள் தவிர எல்லாம் அடைபடட்டும், டேட்டாபேஸின் 3306 வெளியே தெரியவே கூடாது. பழைய சர்வரை விடும்போது பவர் ஆஃப் செய்தால் பில் நிற்காது. டம்ப்பைப் புது சர்வரில் ஏற்றி, நேற்றைய கடைசி டெலிவரி சலான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பழையதை டெலீட் செய்யுங்கள்.