வெதுவெதுப்பான நீரா, வெட் வைப்ஸா?

டயப்பர் மாற்றும்போது குழந்தையைச் சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சு, கடையில் வாங்கும் வெட் வைப்ஸ் ஆகிய இரண்டில், வீட்டில் இருக்கும்போது நீரையே நான் பரிந்துரைப்பேன். சிறுநீர் பட்டு, தோலின் இயல்பான அமிலத்தன்மை குறையும்போது, மலத்திலுள்ள நொதிகள் வீரியம் பெற்றுத் தோலைப் புண்ணாக்குகின்றன. அந்நிலையில் வாசனைப் பொருளோ ஆல்கஹாலோ கலந்த வைப்ஸ் எரிச்சலைக் கூட்டக்கூடும். ஒவ்வாமை உண்டாக்குவதாக அறியப்பட்ட மெத்தில் ஐசோதயசோலினோன் என்ற பதப்படுத்தியை, கழுவாமல் தோலிலேயே விடப்படும் அழகுப் பொருள்களில் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை விதித்தது. வைப்ஸும் அவ்வகையைச் சேர்ந்தவையே.

பயணத்தில் நிலைமை வேறு. தூய நீர் கிடைக்காத ரயிலிலோ பேருந்திலோ, வாசனையற்ற, ஆல்கஹாலற்ற வைப்ஸ் தயக்கமின்றிப் பயன்படுத்தத் தக்கவை. அவை தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பத் தயாரிக்கப்பட்டிருந்தால் இன்னும் நல்லது. நீரில் அந்த அனுகூலம் இல்லை என்பதையும், நீரால் கழுவிய பின் ஈரத்தை ஒற்றி எடுக்காமல் டயப்பரை மூடினால் அதுவே தடிப்புக்கு இடமளிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

எதைக் கொண்டு துடைத்தாலும், பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னோக்கியே துடைக்க வேண்டும். தோல் சிவந்திருந்தால் துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசலாம். பவுடர், குழந்தையின் மூச்சில் கலக்கும் என்பதால், வேண்டவே வேண்டாம். மடிப்புகளுக்குள் அடர்சிவப்பாகப் பரவி, சுற்றிலும் சிறு புள்ளிகள் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.