ஏழு வருட ஜாவாவும் ஒரு வெற்று கேட்சும்

பரந்தனில் இருக்கும் தம்பி ஒருவர் சொந்தமாக மென்பொருள் எழுதத் தொடங்குகிறார். "அண்ணை, ஜாவாவின் த்ரோஸ் தொல்லையைத் தாங்க முடியுமா?" என்று கேட்டார். ஜாவா ஒரு நிரலாக்க மொழி; த்ரோஸ் என்பது, என்ன பிழை வரலாம் என்று அதில் முன்கூட்டியே எழுதிவைக்கும் சொல். கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையின் நெல் கொள்வனவுக் கணக்கை ஏழு வருடமாக ஜாவாவில் ஓட்டுகிறவன் நான். பதில் சொல்ல உரிமை உண்டு, கோபமும் உண்டு.

ஒரு மெதட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எறியும், அதாவது தன்னை அழைத்த நிரலிடம் தள்ளிவிடும் பிழையை அதன் தலைப்பிலேயே எழுது, இல்லையேல் உள்ளேயே பிடித்துக் கையாளு என்று 1996 முதல் ஜாவா அடம்பிடிக்கிறது (ரன்டைம், எரர் வகைப் பிழைகளுக்கு மட்டும் விலக்கு). தராசை வாசிக்கும் மெதட்டில் 'த்ரோஸ் ஐஓஎக்ஸெப்ஷன்' (வாசிப்பதில், எழுதுவதில் பிழை வரலாம்) என்று இருந்ததால்தான், கேபிள் கழன்றால் என்ன செய்வது என்று முதல் நாளே யோசித்தேன். காலபோக அறுவடையில் உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசைகட்டி நிற்கையில் எலி கேபிளைக் கடித்தது. "தராசு இணைப்பு இல்லை, எடையைக் கையால் பதியவும்" என்று திரையில் வந்தது. கணக்கப்பிள்ளை அலட்டிக்கொள்ளாமல் பதிந்தார். அன்று ஜாவாவைக் கும்பிட்டேன்.

எரிச்சல் லாம்டாவில், அதாவது பெயரில்லாமல் அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும் குட்டி நிரல் துண்டில். 2014இல் ஜாவா 8 அதைக் கொண்டுவந்தது. பற்றுச்சீட்டுகளை ஃபார்ஈச் (ஒவ்வொன்றுக்கும் லாம்டாவை ஓட்டும் மெதட்) போட்டுக் கோப்பில் எழுதப் போனால், அது கேட்கும் கன்சியூமர் என்ற வகையின் தலைப்பில் த்ரோஸே கிடையாது. ஐஓஎக்ஸெப்ஷன் வெளியேற வழியில்லை, தொகுப்பியும் (நிரலைச் சரிபார்த்து ஓடும் வடிவாக்கும் கருவி) விடாது. ஒரு வரி வேலைக்கு உள்ளேயே டிரை (செய்துபார்), கேட்ச் (பிழையைப் பிடி) என்று ஐந்து வரி. இரவு பதினொரு மணிக்குச் சலித்துப்போய் கேட்சை வெறுமையாக விட்டேன்; பிழை வந்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். மாசியில் பென் டிரைவ் நிரம்பியது. 38 பற்றுச்சீட்டுகள் எழுதப்படவே இல்லை, திரையிலோ "சேமிக்கப்பட்டது". அடித்துண்டுகளை வைத்து மூன்று நாள் திரும்பப் பதிந்தோம்.

கை என்னுடையதுதான். த்ரோஸ் தேவைப்படாத அன்செக்ட்ஐஓஎக்ஸெப்ஷனில் (ரன்டைம் வகை) பொதிந்து எறியும் வழி அதே ஜாவா 8இல் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. ஆனாலும் ஸ்விஃப்ட் மொழியைப் பார்த்தால் வயிறு எரிகிறது: அங்கே மேப்புக்கு (ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் மெதட்) கொடுக்கும் குளோஷர் (அங்கத்தைய லாம்டா) எறிந்தால் மேப்பும் எறியும், அவ்வளவுதான். எறிவது எந்த வகை என்று தலைப்பில் எழுதவும் 2024இல் ஸ்விஃப்ட் 6 வழி செய்துவிட்டது.

தம்பிக்கு, "ஜாவாவையே எடுங்கள்" என்று எழுதி அனுப்பினேன். என் புதிய களஞ்சியக் கணக்கைக் கொட்லின் மொழியில் தொடங்கிவிட்டேன்; அது எந்தப் பிழையையும் தலைப்பில் அறிவிக்கச் சொல்வதில்லை. தராசுப் பகுதி மட்டும் இன்னும் ஜாவாவில் இருக்கிறது, கொட்லினிலிருந்து அழைத்தால் அந்த த்ரோஸைத் தொகுப்பி கண்டுகொள்ளாது என்று தெரிந்தும்.